கொப்புளக் காலம்: மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியவை

பங்குனி வெயில் ஏறிவிட்டால் பொங்கலூர் வட்டாரத்து பனியன் கம்பெனிகளில் கக்கத்திலும் தொடையிலும் பின்கழுத்திலும் சூட்டுக்கொப்புளம் இல்லாதவர்கள் குறைவு. வியர்வை ஊறி, பஞ்சுத் தூசி படிந்து, துணி உரசித் தோல் லேசாகப் பிய்ந்தால் போதும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். மோர் குடித்து உடம்பைக் குளிர்விப்பது நல்லதுதான், ஆனால் கிருமிக்கும் மோருக்கும் சம்பந்தமில்லை.

மெடிக்கலில் கேட்டு நாலு மாத்திரை வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். 2008, 2009இல் இந்தியாவின் 15 பெரிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், இந்தக் கிருமியில் நூற்றுக்குச் சுமார் நாற்பது மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காதவை.

செடிகொடி வைத்தியம் கைகொடுக்குமா? வேப்பிலையும் மஞ்சளும் ஆய்வகத் தட்டில் கிருமியை அடக்குகின்றன. அதை நம்பி, உடைந்த கொப்புளத்தில் அரைத்து அப்பினால் அம்மியின் அழுக்கும் சேர்ந்து உள்ளே போகும்.

டீ ட்ரீ எண்ணெய்க்கு ஆள்மேல் செய்த சோதனையே உண்டு. பிரிட்டனில் 236 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு அடங்காத கிருமி வழக்கமான சிகிச்சையில் 49 சதவீதம் பேரிடமும், டீ ட்ரீ க்ரீம், குளியல் கரைசலில் 41 சதவீதம் பேரிடமும் ஒழிந்தது. மூக்கில் வழக்கமான சிகிச்சையில் தடவிய ம்யூபிரோசின் களிம்பே ஜெயித்தது. தோலில் டீ ட்ரீ முந்தியது. அந்த க்ரீமில் எண்ணெய் 10 சதவீதம்தான். பாட்டில் எண்ணெயை அப்படியே தடவினால் தோல் எரியும்.

நம் தோப்புக்கே உரியது தேங்காய் எண்ணெய். 2008இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வில், கரப்பான் உள்ளவர்களில் 20 பேர் தோலில் இந்தக் கிருமி இருந்தது. நான்கு வாரம் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவியபின் ஒருவரிடமே மிஞ்சியது. காங்கேயம் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் வேறு, இது பச்சைத் தேங்காயில் எடுப்பது. கரப்பானுக்குக் கிடைத்த பலன் கொப்புளத்துக்கும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. வறண்டு வெடித்த தோலுக்கு இரவில் மெல்லிசாகப் பூசுங்கள். வேர்க்குரு மேல் வேண்டாம், வியர்வைத் துளை அடைபடும்.

ஷிப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். ரூமில் ஆளுக்கொரு துண்டு வேண்டும். கொப்புளத்தைப் பிதுக்காமல் வெந்நீரில் நனைத்த சுத்தத் துணியால் ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலும், சிவப்பு பரவினாலும், முகத்தில் வந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் அன்றே பல்லடம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அடிக்கடி வருகிறதென்றால் சீழை எடுத்து கல்ச்சர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.