ரஷ்யரோடு பழகும் முறை

அதியன்னூரிலிருந்து பாலராமபுரம் வந்து விழிஞ்ஞம் சாலையில் திரும்பினால் கோவளம் அதிக தூரமில்லை. தெற்கே களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவில் வழியாகப் போனால் கூடங்குளம். இவ்விரண்டு ஊர்களிலும் ரஷ்யர்களைக் காணலாம். கோவளத்துக்கு வருகிறவர்கள் கடலுக்கும் ஆயுர்வேத சிகிச்சைக்கும் வருகிறவர்கள். கூடங்குளத்தில் இருப்பவர்கள் அணுமின் நிலைய வேலைக்காக வந்த பொறியாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். நம்மவர்களில் கடை வைத்திருப்போர், தையல் தொழில் செய்வோர், வாடகைக் கார் ஓட்டுவோர் பலர் இவர்களோடு பேச வேண்டியிருக்கிறது. சில வீட்டுப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கே போகிறார்கள். எனவே இந்தப் பாடம் நமக்கு வேண்டியதுதான்.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் டிப்ளமா முடித்து, ரஷ்ய நிபுணர்கள் இருந்த ஒரு பணியிடத்தில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தான். (எந்த இடம், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.) "இந்த வெல்டிங் வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று ரஷ்யர் கேட்டார். பையன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, "பார்க்கலாம் சார், ஆகட்டும்" என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். கம்பி வந்து சேராது என்பது அவனுக்கு அப்போதே தெரியும். பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம். வெள்ளிக்கிழமை அந்த ரஷ்யர் காகிதத்தோடு வந்து நின்றார். வேலை முடியவில்லை. கோபத்தில் கத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பையனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன், "மாமா, ரஷ்யாக்காரன் திமிர் பிடித்தவன், ஒரு நாள்கூட சிரித்ததில்லை" என்றான்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு விசாரித்ததிலும் படித்ததிலும், தப்பு இரண்டு பக்கத்துப் பழக்கத்திலும் இருப்பது விளங்கிற்று.

முதலில் தலையாட்டல். மேலும் கீழும் ஆட்டினால் ரஷ்யருக்கு ஆம். பக்கவாட்டில் திருப்பினால் இல்லை. நம்முடைய தஞ்சாவூர்ப் பொம்மை ஆட்டம் இரண்டிலும் சேராது. எனவே வாயால் சொல்ல வேண்டும். ஆம் என்பதற்கு அவர்கள் சொல் 'தா'. இல்லை என்பதற்கு 'நியெத்'. 'தா' என்றதும் ஏதோ கேட்கிறார் என்று எண்ணி நம் கடைக்காரர்கள் பொருளை நீட்டிவிடக் கூடாது! அவர் ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது சிரிப்பு. முன்பின் அறியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அவர்களிடம் மரியாதையில் சேர்ந்ததல்ல. காரணமில்லாமல் ஏன் சிரிக்கிறான் என்றுதான் தோன்றும். கடையில், அலுவலகத்தில், ரயிலில் முகம் இறுகியே இருக்கும். அறிமுகமாகி, வீட்டுக்குள் அழைத்து, மேசையில் உட்காரவைத்துவிட்டால் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். வயிறு வெடிக்கச் சாப்பிடச் சொல்வார். நாம் முதல் நாள் முகத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறோம்.

அதே போல 'முடியாது' என்பதை அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். அது சண்டை அல்ல. காரணத்தையும் வேறு வழியையும் நாம் எடுத்துச் சொன்னால், அந்த 'நியெத்' பலமுறை மாறுவதும் உண்டு. நம் பையனும் அன்றைக்கே, "கம்பி வரவில்லை, செவ்வாய்க்கிழமை ஆகும்" என்று சொல்லியிருந்தால் அதற்கொரு குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திட்டு முடித்திருப்பார்கள்.

கையெழுத்து என்றதும் காகித விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் கூட்டம் நடந்தாலும் பேசி முடித்ததை எழுதி, அந்தத் தாளுக்கு 'புரோட்டகோல்' என்று பெயரிட்டு, இரு தரப்பும் ஒப்பமிடுவது ரஷ்யப் பொறியியல் வேலைகளில் வழக்கம். வட்ட முத்திரைக்கும் மதிப்பு மிகுதி. இதை வெட்டி வேலை என்று நம்மவர் சலித்துக்கொள்வார்கள். கூடங்குளத்தையே பாருங்கள். 1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் தில்லியில் இருந்தபோது ஒப்பந்தம் ஆயிற்று. 1991-இல் ராஜீவ் மறைந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் நாடே இல்லாமற்போயிற்று. ஆனாலும் காகிதம் இருந்தது. 1998-இல் துணை ஒப்பந்தம் எழுதினார்கள். 2002-இல் கட்டுமானம் தொடங்கி, 2013 அக்டோபரில் 1,000 மெகாவாட் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது. கையெழுத்திட்டு கால் நூற்றாண்டு! பேசியவர்கள் போன பிறகும் எழுதியது நின்றது. வாய்ச்சொல்லை நம்பாமல் தாளைக் கேட்கிறவரைப் பார்த்து இனி நான் சலித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தத் தாளிலும் ஒரு பள்ளம் உண்டு. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பார்கள். ரஷ்ய வரைபடத்தில் 1,5 என்றிருந்தால் அது ஒன்றரை, பதினைந்து அல்ல. கட்டடத்தில் தரைத்தளமே அவர்களுக்கு முதல் மாடி. 'இரண்டாம் மாடிக்கு வா' என்று அழைத்தால் ஒரே ஒரு படிக்கட்டு ஏறினால் போதும். மூச்சு வாங்க இரண்டு ஏறி, ஆளில்லாத அறையில் காத்திருக்க வேண்டாம். ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இன்னொன்றும் நினைவு வருகிறது. அவர்கள் தண்டவாள அகலம் 1520 மில்லிமீட்டர், நம் அகலப்பாதை 1676. ஆனால் நம் பாதையில் கிடக்கும் தண்டவாளங்களில் பெரும்பகுதி, 1955-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தமிட்டுக் கட்டிய பிலாய் உருக்காலையில் வார்த்தது. அளவு வேறாயினும் சேர்ந்து வேலை செய்ய முடிந்திருக்கிறது.

இனி அழைக்கும் முறை. இதில் தமிழர்களாகிய நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ரஷ்யர் பெயர் மூன்று பகுதி: தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். விண்வெளிக்கு முதலில் போன ககாரினின் முழுப்பெயர் யூரி அலெக்ஸேயெவிச் ககாரின். நடுவில் இருப்பது 'அலெக்ஸேயின் மகன்' என்பதாகும். முதல் விண்வெளி வீராங்கனை வலந்தினா விளதிமீரவ்னா தெரெஷ்கோவா, விளதிமீரின் மகள். நாம் தகப்பன் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைக்கிறோம். அவர்கள் முழுதாக நடுவில் வைக்கிறார்கள். வேலையிடத்தில் பெரியவரை 'மிஸ்டர் ககாரின்' என்றழைப்பதைவிட 'யூரி அலெக்ஸேயெவிச்' என்று தகப்பன் பெயரோடு அழைப்பதே அவர்களுக்கு மரியாதை. முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே நம்மைப் போலவே: 'தி', 'வி'. பெரியவருக்கும் புதியவருக்கும் 'வி'. அவராகச் சொன்ன பிறகே 'தி'. இங்கே மலையாளத்தில் மேலதிகாரியிடம் 'நிங்ஙள்' என்றால் முகம் சுளிப்பார்களே, அந்தச் சிக்கல் ரஷ்யத்தில் இல்லை. 'வி' எங்கும் செல்லும்.

வீட்டுக்கு அழைத்தால் வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. அவர்கள் உள்ளே போட வேறு செருப்பும் தருவார்கள். ஆனால் வாசற்படியின் இரு பக்கமும் நின்றுகொண்டு கைகுலுக்கக் கூடாது. உள்ளே போன பிறகு கை கொடுங்கள். பூ கொண்டுபோனால் எண்ணிக் கொண்டுபோங்கள்: மூன்று, ஐந்து, ஏழு. இரட்டைப்படைப் பூ சாவு வீட்டுக்குத்தான். மொய்க்கு நூற்றொன்று எழுதுகிற நமக்கு ஒற்றைப்படையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்குள் சீட்டியடித்தால் பணம் போய்விடும் என்பார்கள். நம் பாட்டிகள் பாம்பு வரும் என்றார்கள். பயணம் புறப்படும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுவதும் உண்டு. நேரமாகிறதே என்று அவசரப்படுத்த வேண்டாம்.

மது பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள். விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவது அவர்கள் வழக்கம். குடிக்காதவர் தொடக்கத்திலேயே, "நான் குடிப்பதில்லை" என்று தெளிவாகச் சொல்லிப் பழச்சாற்றை உயர்த்தலாம். வற்புறுத்துவார்கள், அசையாமல் இருங்கள். முதல் கோப்பையை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுப்பதுதான் கடினம்.

மே 9 அவர்களுக்கு வெற்றி நாள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 இலட்சம் பேர் மடிந்தார்கள். அந்தப் பேச்சில் வேடிக்கை கூடாது. புத்தாண்டிலிருந்து ஜனவரி 7 கிறிஸ்துமஸ் கடந்து 8 வரை அங்கே விடுமுறை. அந்த நாட்களில் கல்லூரிக்கோ கம்பெனிக்கோ எழுதிவிட்டுப் பதில் இல்லையே என்று கலங்க வேண்டாம்.

மொழி கற்க விரும்பும் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம் ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு நடக்கிறது. எழுத்து மொத்தம் 33. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி (1941-2020) நம் 247 எழுத்தையும் படித்துச் சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்தவர். நம் பிள்ளைகளுக்கு 33 பெரிதா?

பையன் கதையை முடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவனுக்கு மீண்டும் அதே ரஷ்யரிடம் வேலை வந்தது. இம்முறை முதல் நாளே அவர் பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்லி வணங்கியிருக்கிறான். ஒரு வேலைக்கு, "முடியாது, நான்கு நாள் அதிகம் வேண்டும்" என்று எழுதியும் கொடுத்திருக்கிறான். ரஷ்யர் தாளைப் படித்துக் கையெழுத்திட்டுவிட்டு, "உன் தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்தப் பெயரோடு 'ஓவிச்' சேர்த்துத்தான் அவனைக் கூப்பிடுகிறார்.