வேலட் பார்க்கிங்ல கார் இடிபட்டுச்சா? கிளைம் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

"உங்க இன்சூரன்ஸ்லயே கிளைம் பண்ணிக்கோங்க சார், அதுக்குத்தானே அது இருக்கு."

வேலட் டிரைவர் காரை எங்கேயோ இடிச்சுட்டா, ரெஸ்டாரன்ட் மேனேஜர் சொல்ற முதல் பதில் பெரும்பாலும் இதுதான். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்த பிரீமியத்தைக் கட்டினது நீங்க. இடிச்சது அவங்க ஆள்.

என் கிளையன்ட் ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். ஐடி கம்பெனி வேலை, ஆறு வருஷமா ஒரே கார், ஒரு கிளைம்கூட போட்டதில்லை. அதனால நோ கிளைம் போனஸ் முழுசா 50%. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு வெளியே வந்து டோக்கனைக் கொடுத்தா, முன்பக்க பம்பர் கிழிஞ்சு, ஹெட்லைட் உடைஞ்சு கார் வருது. மேனேஜர் மேலே சொன்ன வசனத்தைச் சொன்னார். நம்ம ஆளும் மறுநாளே கிளைம் போடக் கிளம்பிட்டார். நல்லவேளை, அதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணினார்.

எஸ்டிமேட் 18,000 ரூபாய். அதுல பம்பரும் ஹெட்லைட்டும் 11,000, பெயின்டிங் 4,000, லேபர் 3,000. அவர்கிட்ட ஜீரோ டெப் இல்லை. சாதாரண பாலிசியில பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க, அது 5,500. பெயின்டிங் பில்லுல கால் பங்கை மெட்டீரியலா எடுத்து, அதுல பாதியைக் கழிப்பாங்க, அது 500. 1500 சிசி வரை உள்ள கார்னா கட்டாயக் கழிவு 1,000. ஆக, 7,000 நம்ம கையிலிருந்து. கம்பெனி கொடுக்கறது 11,000.

இப்போ மறுபக்கம். போனஸ் கழிக்கறதுக்கு முன்னாடி அவரோட ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000. 50% போனஸ்ல 6,000 கட்டிட்டு இருந்தார். ஒரு கிளைம் போட்டா போனஸ் பூஜ்யம் ஆயிடும். அடுத்த ரினியூவல்ல முழு 12,000. அதுக்கப்புறம் கிளைம் இல்லாம போனா வரிசையா 20, 25, 35, 45 சதவீதம்னு ஏறி, ஆறாவது ரினியூவல்லதான் திரும்ப 50%க்கு வரும். கூடுதலாக் கட்டறது முதல் தடவை 6,000, அப்புறம் 3,600, 3,000, 1,800, 600. மொத்தம் 15,000. 18% ஜிஎஸ்டி சேர்த்தா 17,700. (வருஷா வருஷம் ஐடிவி குறையறதால கொஞ்சம் கம்மியா வரலாம். கணக்கோட போக்கு மாறாது.)

அதாவது 11,000 வாங்கறதுக்கு 17,700 விடறோம். ஜீரோ டெப் இருந்து 17,000 கிடைச்சிருந்தாலும் லாபம் இல்லை. போனஸைப் பாதுகாக்கற ஆட்-ஆன் இருந்தா மட்டும் கதை வேற. இந்தக் கணக்கைத்தான் மேனேஜருக்கு மெயிலா அனுப்பச் சொன்னேன்.

கோபமா கத்தறதைவிட மெயில் நல்லது. சாவியை வாங்கின நிமிஷத்துலேர்ந்து கார் அவங்க பொறுப்பு. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்துல இதுக்குப் பேர் பெயில்மென்ட். ஒழுங்கா பாத்துக்கிட்டோம்னு நிரூபிக்க வேண்டியது அவங்க. "டோக்கன் பின்னாடி ஓனர்ஸ் ரிஸ்க்னு போட்டிருக்கே சார்"னு சொல்வாங்க. 1998-ல டெல்லியில ஒரு பெரிய ஓட்டல்ல வேலட்கிட்ட கொடுத்த மாருதி ஜென் திருடு போச்சு. அந்த டோக்கன்லயும் இதே வரிதான். இன்சூரன்ஸ் கம்பெனி ஓனருக்கு 2.8 லட்சம் கொடுத்துட்டு ஓட்டல் மேல வழக்கு போட்டுச்சு. 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், சொந்த அலட்சியத்துக்கு அந்த வரியைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. வேலட் இலவசம்னு சொல்லியும் தப்பிக்க முடியலை.

ஆனா இதெல்லாம் நிக்கணும்னா ஆதாரம் அந்த இடத்துலயே கிடைச்சிருக்கணும். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ. கேட்டுக்குள்ளயே காரைச் சுத்தி ஒரு வீடியோ. சாப்பாட்டு பில். மேனேஜர் பேர். சிசிடிவி பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி அன்னைக்கே ஒரு மெயில். முக்கியமா, ஓட்டினவரோட டிரைவிங் லைசென்ஸ் போட்டோ. உங்க பாலிசியில டிரைவர் கிளாஸ்னு ஒண்ணு இருக்கும். உங்க அனுமதியோட யார் ஓட்டினாலும் கவர் உண்டு, ஆனா செல்லுபடியான லைசென்ஸ் இருக்கணும். இல்லைன்னா கம்பெனி கிளைமை மறுக்கலாம்.

இங்கே ஒரு குறுக்கு வழி காட்டுவாங்க. "வேலட் பேச்சே வேண்டாம் சார், நீங்களே தூண்ல இடிச்சதா எழுதிடலாம்." தயவுசெஞ்சு செய்யாதீங்க. பொய் தெரிஞ்சா கிளைம் போகும். அதைவிட, நீங்களே இடிச்சதா கையெழுத்து போட்டபிறகு ரெஸ்டாரன்ட்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கேப்பீங்க?

அடி பெருசா இருந்தா, லட்சக்கணக்குல போகுதுன்னா, யோசிக்காம உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க, சர்வேயர் பாக்கறவரை ரிப்பேர் ஆரம்பிக்காதீங்க. பணம் கொடுத்தபிறகு ரெஸ்டாரன்ட்கிட்ட வசூல் பண்ற உரிமை கம்பெனிக்குப் போகும். இதுதான் சப்ரோகேஷன். அதனால நடுவுல 5,000 வாங்கிட்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு கையெழுத்து போட்டா, கம்பெனியோட உரிமையையும் சேர்த்து வித்த மாதிரி. அதைக் காரணம் காட்டி உங்க கிளைம்ல சிக்கல் வரும். ஒரே செலவுக்கு ரெண்டு இடத்துலயும் வாங்கவும் முடியாது. கம்பெனி கொடுக்காத பகுதியை, அதாவது தேய்மானம், கட்டாயக் கழிவு, போன போனஸ், இதை ரெஸ்டாரன்ட்கிட்ட தனியா கேக்கலாம்.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவங்களுக்கு சொந்தக் கார் சேதத்துக்குப் பத்து பைசா வராது. ரெஸ்டாரன்ட்தான் ஒரே வழி. அவங்க மசியலைன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், வக்கீல் கட்டாயம் இல்லை.

நம்ம கிளையன்டுக்கு முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. ரெண்டாவதுல எஸ்டிமேட், வீடியோ, மேலே போட்ட கணக்கு மூணையும் இணைச்சு, பத்து நாள் கெடு கொடுத்தார். நாலாவது நாள் போன் வந்தது. 18,000-ஐயும் நேரா ஒர்க்ஷாப்புக்கே கட்டிட்டாங்க. ரசீதுல "இந்த பில்லுக்கு மட்டும்"னு எழுதித்தான் கையெழுத்து போட்டார். அடுத்த மாசம் ரினியூவல், அதே 6,000.