கட்டின் நிறையும் நூலின் நீளமும்

அங்கத்தினர்களே, கொடுத்த நூலுக்கு ஏற்பத் துணி வாராவிடின் முதற்கண் ஐயுறப்படுபவர் நெசவாளரே. சில ஆண்டுகட்கு முன் நம் சங்கத்திலும் இவ்வழக்கு எழுந்தது. ஒரு குடும்பத்தாரை அழைத்து, எஞ்சிய நூல் எங்கேயென்று கேட்டோம். நூலைப் பரிசோதனைக்கு அனுப்பிய பின்னரே, பிழை தறியில் இல்லை, கட்டிலேயே இருந்ததென்று கண்டு நாணினோம்.

அஃது எங்ஙனமெனப் பார்ப்போம். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு நிறையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 40ஆம் நம்பர் நூலில் 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ, கொண்ட கட்டில் 3,36,000 கெஜம் இருத்தல் வேண்டும். அந்நூல் உண்மையில் 36ஆம் நம்பராயின் 3,02,400 கெஜமே தேறும். தராசு குறை காட்டாது. 33,600 கெஜம் மட்டும் காணப்படாது! நூல் ஈரமேறியிருப்பினும் இவ்வாறே நிறை நம்மை ஏமாற்றும்.

இதனை அளந்துரைக்கும் நிலையங்கள் உள்ளன. கோவையில் 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அதாவது சிட்ரா, அவற்றுள் ஒன்று. ஆலைகளுக்கே உரியதென்று எண்ணி நம்மவர் பலர் அதன் வாயிலை மிதிப்பதில்லை. கட்டணம் செலுத்தினால் பிறருக்கும் அது சோதித்துக் கொடுக்கும். 27 பாகை வெப்பமும் 65 சதவிகித ஈரப்பதமும் காக்கப்படும் அறையில் நூலை முதலில் வைத்திருப்பர். பின்னர் 120 கெஜம் சுற்றியெடுத்து நுண்தராசில் நிறுப்பர். 40ஆம் நம்பராயின் 1.62 கிராம், 36ஆம் நம்பராயின் 1.80 கிராம். வலிமையும் முறுக்கும் வேறு கருவிகளால் அறியப்படும். சாயம், டிசைன் பற்றிய ஐயங்களுக்கு மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்களை நாடலாம்.

பருத்தி விளைவிப்போருக்கும் இதில் பங்குண்டு. புதிய ரகத்தின் இழை எந்த நம்பர் நூலுக்கு ஏற்குமென ஆராய மும்பை மாதுங்காவில் 1924இலேயே ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது.

நூலைப் பங்கிடுமுன்னரே மாதிரி அனுப்புக. பாவு ஓடிய பின் அனுப்பினால் விற்றவரிடம் வழக்காடுதல் அரிது. ஒரே சிட்டத்திலிருந்து எடுக்காமல், பல கட்டுகளிலிருந்தும் எடுத்தல் வேண்டும். பரிசோதனைச் சாலை தன்னிடம் வந்த மாதிரியைப் பற்றியே கூறும். ஆதலின் மாதிரி எடுக்கும்பொழுது நெசவாளர் ஒருவரும் உடனிருந்து உறைமேல் கையொப்பமிடுவாராக.