வளவுக்குள் ஒரு விளையாட்டிடம்

எருக்கலம்பிட்டியில் எங்கள் வளவின் மூலையில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் படகேறிக் கல்பிட்டிக்குப் போனது. நான் புத்தளத்தில் பிறந்தவள். யுத்தம் முடிந்து 2010 இல் நாங்கள் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவெங்கும் உடைமரமும் எருக்கும். கிணற்றுக் கட்டு இடிந்து தரையோடு தரையாகக் கிடந்தது.

திரும்பிய மூன்றாம் நாள் நாலு வயதுத் தம்பி பந்தைத் தேடிப் போனான். கூப்பிட்டும் பதில் இல்லை. பற்றைக்குள் நுழைந்து பார்த்தேன். கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலைப் பிடித்து இழுத்தெடுத்தேன். அன்றிலிருந்து உம்மா அவனைத் தகரக் கொட்டிலுக்குள்ளேயே வைத்திருந்தா. அந்த வெக்கையில் அவன் சோறும் தின்னாமல் சுருண்டு கிடந்தான். இரண்டாம் நாள் உம்மும்மா சொன்னா: "புள்ளையக் கட்டிப் போடாத மகள், கிணத்தக் கட்டு."

இந்தக் கட்டுரையின் பாடம் அந்த ஒரு வரிதான். 1837 இல் ஜேர்மனியில் சிறுவர்களுக்கென ஒரு விளையாட்டு நிலையத்தைத் தொடங்கிய புரோபல், 1840 இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படப் பெயரிட்டார். விளையாட்டைச் சிறுவரின் உரிமையாகக் கூறும் ஐ.நா. சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரையை இலங்கை 1991 இல் ஏற்றது. அப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அகதி முகாம்களில் இருந்தார்கள்.

நாங்கள் செய்ததையும் மனைப்பொருளியல் பாடத்தில் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

நீர்: முதல் வேலை இதுவே. வாப்பா கிணற்றுக்கு நாலடி உயரக் கட்டுக் கட்டி, மேலே கம்பிவலை மூடி போட்டார். கட்டின் அருகே ஏறி நிற்கக்கூடிய கல்லோ வாளியோ இருக்கக்கூடாது. சிறு குழந்தை மூழ்குவதற்கு இரண்டு அங்குலத் தண்ணீரே போதும். ஆகவே பீப்பாவையும் மூடிவையுங்கள்.

இடம்: குசினி வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இடமே நல்ல இடம். பிள்ளைகள் விளையாடும் பின்னேரத்தில் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும். மேற்கே வேம்பு நிற்கும் பக்கத்தைத் தெரிந்தோம். தென்னைக்கும் பனைக்கும் கீழே வேண்டாம். தேங்காயும் பனம்பழமும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை.

தரை: மணல் நம் தீவுக்குக் கிடைத்த கொடை. ஆனால் மிதிபட்ட மணல் சீமெந்துபோல இறுகிவிடும். ஓரடி ஆழம் கிளறி, கண்ணாடி, ஆணி, முள் எல்லாம் அரித்தெடுத்தோம். மாதம் ஒருமுறை மீண்டும் கிளறுகிறோம். அடையாளம் தெரியாத இரும்புப் பொருள் கண்ணில் பட்டால் தொடவேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

ஊஞ்சல்: பலகையின் விளிம்பு நெற்றியை உடைக்கும். பழைய டயர் மெத்தென்றிருக்கும். அடியில் துளையிடாவிட்டால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். கயிறு கட்டிய கொப்பு ஏழடி உயரமென்றால் முன்னும் பின்னும் பதினான்கு அடி வெளி வேண்டும். பக்கங்களில் ஆறடி போதும். தகரச் சறுக்கு மன்னார் வெயிலில் தோலைப் பொசுக்கும்.

செடி: எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும். அலரி, ஊமத்தை, குன்றிமணி மூன்றும் நஞ்சு. வேரோடு பிடுங்கினோம். அந்த இடத்தில் செவ்வரத்தை நட்டோம்.

வேலி: கட்டாக்காலிக் கழுதைகள் நுழையாதபடி அடைக்க வேண்டும். முட்கம்பி ஆகாது. நாங்கள் பனைமட்டை வரிந்தோம். மட்டைகளுக்கிடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் சிறு பிள்ளையின் தலை சிக்கலாம்.

ஊஞ்சல் டயரும் கயிறும் தவிர விளையாட்டிடத்துக்கென்று நாங்கள் எதுவும் வாங்கவில்லை. காசு போனது கிணற்றுக் கட்டுக்கும் மூடிக்கும்தான். மற்றதெல்லாம் வளவிலேயே கிடந்தவை. ஆனாலும் எந்த வேலியும் பெரியவர் கண்ணுக்கு ஈடாகாது. அஸருக்குப் பிறகு அடுத்த வளவுப் பிள்ளைகளும் வருகிறார்கள். உம்மும்மா கிணற்றுக் கட்டில் சாய்ந்திருந்து, ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே இருப்பா.