பண்ணை ரேடியோவின் ஏரியல்: தேர்வும் பொருத்துதலும் சரிபார்த்தலும்

ஆஸ்திரேலியாவின் தென்பாகத்திலுள்ள மாகாணங்களில் கோதுமை, பார்லி முதலிய தானியங்களின் அறுவடை பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடைபெறுகின்றது. அத்தேசத்தில் அது கோடை துவங்கும் காலம். பயிரும் அரிதாளும் நன்றாய்க் காய்ந்திருக்க, வறண்ட வடகாற்று வீசும் நாட்களில் அறுவடை யந்திரத்தின் சூடான குழாயிற் படிந்த தூசியே தீப்பிடிக்கப் போதுமானது. 2015-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி தென் ஆஸ்திரேலியாவில் பைனரி என்னும் ஊரருகே மூண்ட தீ, இருவர் உயிரைக் கொண்டதுடன், 80-க்கு மேற்பட்ட வீடுகளையும் 80,000 ஹெக்டேருக்கு அதிகமான நிலத்தையும் அழித்தது. இத்தகைய சமயங்களில் முதன்முதல் தண்ணீர்த் தொட்டியுடன் ஓடிவருபவர் அயல் நிலத்து உழவரே. அவருக்குச் செய்தி எட்டும் வேகத்தைப் பொறுத்தே நஷ்டத்தின் அளவு அமைகின்றது. செல்போன் எட்டாத நிலப்பரப்பு அங்கு மிகுதியாதலால், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ ஒவ்வொரு பண்ணையிலும் இன்றியமையாத கருவியாய் இருந்து வருகின்றது.

இந்த ரேடியோச் சேவை அங்கு 1977-ம் வருஷத்தில் சட்டபூர்வமாக ஏற்பட்டது. பண்ணைகளிற் பெரும்பாலும் வழங்குவது 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் இயங்கும் வகையாகும். ஆரம்பத்தில் 40 ஆக இருந்த அதன் சானல்கள் 2011-ல் 80 ஆக்கப்பட்டன. பரப்பும் சக்தி 5 வாட்டுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆகவே செல்வரும் எளியவரும் வைத்திருப்பது அதே 5 வாட்டுதான். ஒருவர் குரல் இருபது கிலோமீட்டர் செல்வதும் மற்றொருவர் குரல் அடுத்த மேட்டைத் தாண்டாததும் பெரும்பாலும் ஏரியலாலும், அதற்குச் செல்லும் கேபிளாலும், அது நிற்கும் இடத்தாலும் நேர்வதே. ஆயினும் ரேடியோப் பெட்டிக்குத் தாராளமாகச் செலவிட்டு, ஏரியலை மலிவாக வாங்கிக் கிடைத்த இடத்தில் முடுக்கிவிடுவது சர்வசாதாரணமாகக் காணப்படும் வழக்கம்.

477 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 63 சென்டிமீட்டர். அதன் காற்பங்கு 16 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. குன்றையும் மேட்டையும் சுற்றிச் செல்லும் ஆற்றல் அவற்றிற்குச் சொற்பமே. தடையற்ற சமவெளியில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அறிய ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆற் பெருக்கினால், ரேடியோ அலைக்குரிய தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளதென்பது தெரியவரும். இரு ஏரியல்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். வண்டியில் 2 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஏரியலுக்கு இது 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆதலின் அத்தகைய இரு வண்டிகளுக்கிடையே 11 அல்லது 12 கிலோமீட்டர். வீட்டில் 10 மீட்டர்க் கம்பத்தில் ஏரியலை நிறுத்தினால் அதற்கு மட்டும் 13 கிலோமீட்டர் கிடைப்பதால், வீட்டிற்கும் வண்டிக்கும் இடையே சுமார் 19 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். வர்க்கமூலமாதலால் கம்பத்தின் உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் அதன் தொடுவானம் இரு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. மரங்களும் கொட்டகைகளும் இக்கணக்கைக் குறைக்கும். குன்றின்மேல் நிற்பவருக்கு அது கூடும்.

ஏரியலைத் தெரிந்தெடுப்பதில் முதலிற் கவனிக்க வேண்டியது ஈட்டம். இது டெஸிபெல் என்னும் அளவிற் கூறப்படும். ஏரியல் புதிதாய்ச் சக்தியை உண்டாக்குவதில்லை. உள்ள சக்தியை ஒருபுறம் குறைத்து மறுபுறம் கூட்டுகிறது, அவ்வளவே. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் பரந்து விழாமல் தூரப்பாய்வதை ஒக்கும். எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்புவதாகப் பாவிக்கப்படும் ஏரியலோடு ஒப்பிட, 3 டெஸிபெல் ஏரியல் தொடுவானத்தை நோக்கி இரு மடங்கும், 6 டெஸிபெல் நான்கு மடங்கும், 9 டெஸிபெல் எட்டு மடங்கும் சக்தியைச் செலுத்தும். இதைக் கேட்டவுடன் 9 டெஸிபெல்லே சிறந்ததென்று தோன்றுவது இயற்கை. ஆனால் ஈட்டம் ஏற ஏறக் கற்றை மேலும் கீழும் ஒடுங்குகின்றது. சாதாரண அரையலை ஏரியலின் கற்றை செங்குத்தாக ஏறக்குறைய 78 பாகை அகன்றிருக்க, 9 டெஸிபெல் ஏரியலில் அது சுமார் 15 பாகையே. அத்தகைய ஏரியலைத் தாங்கிய வண்டி பத்துப் பாகைச் சரிவில் நின்றால், கற்றையின் ஒரு பக்கம் மண்ணிலும் மற்றொரு பக்கம் ஆகாயத்திலும் விழும். பள்ளத்தாக்கில் நிற்பவருக்கும் மேட்டில் நிற்பவருக்கும் குரல் எட்டாது.

எனவே நிலத்தின் அமைப்பே தேர்வை நிர்ணயிக்க வேண்டும். விக்டோரியாவின் விம்மெரா, மாலி பிரதேசங்களிலுள்ள தட்டையான கோதுமை நிலங்களில் 6 முதல் 9 டெஸிபெல் வரையுள்ள நீண்ட ஏரியல்கள் நற்பயன் தரும். கிழக்கிலுள்ள பெரும் மலைத்தொடரின் சரிவுகளில் ஆடுமாடு வளர்ப்போருக்குக் குட்டையான 3 டெஸிபெல் ஏரியலே தக்கது. மேடும் சமவெளியும் கலந்த இடங்களில் 6 டெஸிபெல் நடுத்தரமானது. ஒரே அடிக்கட்டையில் இருவகைத் தண்டுகளையும் மாற்றித் திருகக்கூடிய ஏரியல்களும் விற்கப்படுகின்றன. அடிக்கடி வெவ்வேறு நிலங்களுக்குச் செல்வோருக்கு இவை வசதியானவை.

விற்பவர் கூறும் எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. ஈட்டத்தைக் கூற இரு அளவுகள் வழங்குகின்றன: ஒன்று மேற்சொன்ன பாவனை ஏரியலோடு ஒப்பிடுவது, மற்றது அரையலை ஏரியலோடு ஒப்பிடுவது. இரண்டிற்கும் 2.15 டெஸிபெல் வித்தியாசம் உண்டு. எந்த அளவென்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டுவதில்லை. ஒரு முழ நீளத் தண்டிற்கு 9 டெஸிபெல் என்று எழுதியிருப்பின், அது சாத்தியமன்று என்று தள்ளிவிடலாம். ஈட்டத்திற்கு நீளம் வேண்டும்.

அடுத்தது பொருத்தும் இடம். காலலை ஏரியல் தன் அடியில் உலோகத் தளம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அத்தளம் எல்லாப் பக்கமும் குறைந்தது 16 சென்டிமீட்டராவது பரந்திருத்தல் வேண்டும். வண்டிக் கூரையின் நடுமத்தி அதற்கு மிகவும் உகந்தது. ஆனால் அங்குத் துளையிட மனமில்லாமலும், மரக்கிளைகளுக்கு அஞ்சியும், கங்காரு மோதாமலிருக்க வண்டி முகப்பில் மாட்டும் இரும்புச் சட்டத்தின்மேல் பெரும்பாலோர் ஏரியலை நிறுத்துகின்றனர். அவ்விடத்தில் உலோகத் தளம் இல்லை. ஆதலின் தளத்தை வேண்டாத அரையலை வகையையே அங்குப் பொருத்த வேண்டும். முகப்பில் நிற்கும் ஏரியலுக்குப் பின்புறம் வண்டியின் உடலே ஓரளவு மறைப்பாகும் என்பதும் நினைவிலிருக்கட்டும். தண்டின் பரப்பும் பாகம் எஞ்சின் மூடிக்கு மேலே உயர்ந்து நிற்குமாறு பார்த்துக்கொள்ளல் நலம்.

அறுவடை யந்திரம், பெரிய டிராக்டர் ஆகியவற்றின் கூரை நாலு மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏரியலுக்கு அதுவே அருமையான ஸ்தானம். ஆயினும் அக்கூரைகள் பல சமயங்களில் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடியிழையாலானவை. அதை அறியாது காலலை ஏரியலைத் திருகிவிட்டுப் பின்னர் ரேடியோவைக் குறைகூறுவதிற் பயனில்லை. இங்கும் அரையலை வகையே வேண்டும். அல்லது கூரையின் கீழ் உலோகத் தகடு ஒன்றை வைத்துப் பொருத்தலாம்.

எவ்விடத்திலாயினும் ஏரியல் செங்குத்தாக நிற்றல் வேண்டும். எல்லோருடைய ஏரியலும் செங்குத்தாயிருக்கையில் ஒன்று மட்டும் 45 பாகை சாய்ந்திருந்தால் பாதிச் சக்தி வீணாகும்; படுக்கையாகக் கிடந்தால் நூற்றிலொரு பங்குகூட மிஞ்சுவது அரிது. கற்சாலைகளின் அதிர்ச்சியால் அடிக்கட்டையிலுள்ள ஸ்பிரிங் தளர்ந்து, வண்டி ஓடும்போது தண்டு பின்னோக்கிச் சாய்வதுண்டு. அத்தகைய ஸ்பிரிங்கை மாற்றுவதே சரி.

வீட்டுக் கம்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். உயரம் கூடக் கேபிளின் நீளமும் கூடும். கேபிள் சக்தியைத் தின்னும். வண்டிகளில் வழங்கும் 5 மில்லிமீட்டர் பருமனான ஆர்.ஜி. 58 என்னும் கேபிள் 15 மீட்டர் நீளத்தில் 5 வாட்டை ஏறத்தாழ ஒன்றரை வாட்டாக்கிவிடும். வரும் குரலும் அதே விகிதத்திற் குன்றும். 10 மில்லிமீட்டர் பருமனுள்ள எல்.எம்.ஆர். 400 போன்ற கேபிளானால் அதே நீளத்தில் மூன்றரை வாட்டுக்கு மேல் ஏரியலைச் சேரும். மெல்லிய கேபிளுடன் விலையுயர்ந்த ஏரியலை வைப்பது, ஓட்டை வாய்க்காலுக்குப் பெரிய பம்பு வைப்பதை ஒக்கும். கேபிளின் இணைப்புகளில் மழைநீர் இறங்காதபடி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இறுகச் சுற்றிவிடுதல் அவசியம். உட்பின்னல் ஒருமுறை நனைந்து பச்சைபூத்துவிட்டால் அக்கேபிளை வெட்டி எறிய வேண்டியதுதான்.

கம்பத்தை நிமிர்த்தும்போது மின்சாரக் கம்பிகளைப் பற்றிய ஜாக்கிரதை எல்லாவற்றிலும் மேலானது. கம்பம் எப்பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில்தான் குழி தோண்ட வேண்டும். யந்திரத்தின் கூரையில் ஏரியல் வைத்தபின் அதன் மொத்த உயரம் மாறிவிட்டதை ஓட்டுநருக்கு அறிவித்து, கம்பிகளுக்கடியிற் செல்லும் பாதைகளை மறுபடி அளந்துகொள்வதும் அவ்வாறே. கம்பத்தைத் தகுதியுள்ள மின்வேலைக்காரரைக் கொண்டு நிலத்தோடு இணைத்து, இடியுடன் கூடிய மேகம் காணும் முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

இனிச் சரிபார்த்தல். ஏரியலுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை நிலையலை விகிதம் காட்டும். மானியில் எஸ்.டபிள்யூ.ஆர். என்று குறிக்கப்பட்டிருப்பது இதுவே. விகிதம் 1 ஆனால் ஒன்றும் திரும்புவதில்லை; 1.5-ல் நூற்றுக்கு 4 பங்கும், 2-ல் 11 பங்கும், 3-ல் 25 பங்கும் திரும்பும். 1.5-க்குக் கீழிருந்தால் திருப்தியடையலாம். 2-க்கு மேற்பட்டால் காரணத்தைத் தேட வேண்டும். மானி 477 மெகாஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டதாயிருத்தல் முக்கியம். 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக்களுக்குரிய பழைய மானி இங்குப் பொய்யே சொல்லும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, ஏரியலருகே ஒருவரும் நில்லாதபடி, யாரும் பேசாத சானலில் சில விநாடிகள் மட்டுமே அழுத்திப் பார்க்க வேண்டும். 5-ம், 35-ம் சானல்கள் ஆபத்துக் காலத்திற்கென ஒதுக்கப்பட்டவை. சோதனைக்கு அவற்றைத் தொடலாகாது.

27 மெகாஹெர்ட்ஸ் ஏரியல்களிற் பழகியவர்கள், மேற்சானலில் விகிதம் அதிகமானால் தண்டு நீளமென்றும், கீழ்ச்சானலில் அதிகமானால் குட்டையென்றும் கண்டு அதைத் திருத்துவர். அங்கு அலைநீளம் 11 மீட்டர். ஏரியல்கள் குறுகிய அதிர்வெண் எல்லைக்குள் இயங்குவன. ஆதலால் அம்முறை செல்லும். 477-ல் 80 சானல்களும் ஒரே மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், முதற் சானலுக்கும் கடைசிச் சானலுக்கும் வித்தியாசமே தென்படாது. இவ்வகை ஏரியல்களிற் பல தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டு வருவன; தண்டை வெட்டுவது அவற்றைக் கெடுப்பதாகும். வெட்டவேண்டிய வகையாயின், உடன் வரும் அட்டவணைப்படி, ஒவ்வொரு மில்லிமீட்டராகவே வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டியது திரும்ப ஒட்டாது.

மானியிலும் ஒரு மயக்கம் உண்டு. நீண்ட மெல்லிய கேபிளில், திரும்பி வரும் சக்தியையும் கேபிளே தின்றுவிடுவதால், விகிதம் நன்றாயிருப்பதுபோலத் தோன்றும். மேற்சொன்ன 15 மீட்டர் மெல்லிய கேபிளின் முனையில் ஏரியல் முற்றிலும் அற்றுப்போயிருந்தாலுங்கூட, வீட்டிலுள்ள மானி 2-க்குக் குறைவாகவே காட்டும். ஆகவே கம்பத்து ஏரியலை அதன் அடியிலேயே மானி வைத்துச் சோதித்தல் வேண்டும்.

கையில் எடுத்துச் செல்லும் சிறு ரேடியோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. அவற்றின் குட்டை ஏரியலை உடம்பும் வண்டியின் உலோகக் கூடும் மறைக்கும். வண்டியை விட்டிறங்கி, முகத்திற்கு நேரே நிமிர்த்திப் பிடித்துப் பேசினால் தூரம் கணிசமாகக் கூடும்.

இவ்வதிர்வெண்கள் பொதுஜன உபயோகத்திற்கென விடப்பட்டிருப்பது ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து முதலிய சில தேசங்களில்தான். அங்கு வாங்கிய ரேடியோவைப் பிற தேசங்களுக்குக் கொண்டு செல்வோர் அவ்வத்தேசத்து அனுமதி விதிகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அலையின் இயல்பும் கேபிளின் நஷ்டமும் எங்கும் ஒன்றே.

அறுவடை துவங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக ஒரு நாளைச் சோதனைக்கென ஒதுக்குதல் நல்லது. ஒருவர் வீட்டு ரேடியோவில் இருக்க, மற்றொருவர் வண்டியில் நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் சென்று பேசிப்பார்த்து, குரல் எட்டாத பள்ளங்களைப் பண்ணைப் படத்தில் சிவப்பு மையாற் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பள்ளங்களிலிருந்து பேசுவதற்கு எந்த மேட்டிற்கு ஏறவேண்டும், அல்லது ரிப்பீட்டர் என்னும் மறு ஒலிபரப்பு நிலையத்தின் எந்தச் சானலை உபயோகிக்க வேண்டும் என்பதையும் படத்திலேயே எழுதி, அதன் பிரதியொன்றை ஒவ்வொரு யந்திரத்தின் ஓட்டுநர் அறையிலும் ஒட்டிவைக்கலாம்.