வேலையை மதிப்பிட எந்த முறை ஏற்றது?

மென்பொருள் தயாரிக்கும் குழுவை நோக்கி, "இந்த வேலை எப்போது முடியும்?" என்று நிர்வாகி கேட்பது முற்றிலும் நியாயமானதே, வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுப்பதும், ஆள்பலத்தையும் பணத்தையும் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. ஆயினும் புதிதாக ஒன்றைச் செய்யப் புகும்போது அதற்காகும் பிரயாசையைத் துல்லியமாகச் சொல்வது அரிது. 1979-ல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் விளக்கியதுபோல, நம் காரியங்கள் குறித்த காலத்திற்குள் முடிந்துவிடும் என்றே அனுமானிப்பது மனித சுபாவம். ஆகவே, மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக வளர்க்கும் அஜைல் குழுக்களில் வழங்கும் மதிப்பீட்டு முறைகளை ஒப்பிடுகிறவர்கள், நமக்குத் தெரியாதவற்றை உரிய காலத்தில் வெளிக்கொணரும் முறை எது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மணிக்கணக்கு

வேலையைச் சிறு பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி என்று குறிப்பது எவருக்கும் விளங்கும் முறை. பலமுறை செய்து பழகிய பணிகளுக்கு இது போதும். மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனங்களுக்கு இன்றியமையாததும்கூட. ஆனால் மீட்டிங்குகளும், திடீரென்று வந்து நிற்கும் புரொடக்‌ஷன் பிழைகளும், கோட் ரிவியூவுக்காகக் காத்திருக்கும் நேரமும் பெரும்பாலும் இக்கணக்கில் சேர்வதில்லை. அன்றியும், மணியாகச் சொன்ன அனுமானத்தைக் கேட்பவர் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார்.

புள்ளிக்கணக்கு

அஜைல் முறைகளுள் ஒன்றான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கை முதலில் கைக்கொண்ட குழுக்கள், இடையூறற்ற 'இலட்சிய நாள்' என்ற அளவில் வேலையை மதிப்பிட்டன. நடைமுறையில் அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு மூன்று நாட்கள் வரை பிடித்ததைக் கண்டு மேலதிகாரிகள் குழம்பவே, நாளுக்குப் பதிலாக ஸ்டோரி பாயிண்ட் புழக்கத்திற்கு வந்தது. இம்முறையில் ஒரு வேலையை மற்றொன்றோடு ஒப்பிட்டு அளக்கிறோமேயன்றிக் கடிகாரத்தோடு ஒப்பிடுவதில்லை. 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் வகுத்து, 2005-ல் வெளியான தம் நூலின் மூலம் மைக் கோன் பரப்பிய பிளானிங் போக்கரில் 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்ற சீட்டுகள் உண்டு. வேலை பெரிதாக ஆக நிச்சயமின்மையும் வளரும் என்பதால்தான் எண்களின் இடைவெளியும் விரிந்துகொண்டே போகிறது.

ஓ.டி.பி. மூலம் பாஸ்வேர்டை மாற்றும் வசதியை ஒரு குழு மதிப்பிடுவதாகக் கொள்வோம். எல்லோரும் ஒரே சமயத்தில் சீட்டைத் திருப்ப, ஒருவர் 3 என்கிறார், டெஸ்டிங் செய்பவர் 13 என்கிறார். காரணம் கேட்டால், "ஃபோன் நம்பரே பதியாத பழைய கணக்குகள் நிறைய இருக்கின்றன, அவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லையே" என்கிறார். முடிவில் எந்த எண் நிலைபெற்றாலும், அக்கேள்வி கோட் எழுதுமுன்பே எழுந்ததுதான் இம்முறையின் முழுப் பிரயோஜனம். மாறாக, ஒரு குழுவின் வெலாசிட்டியை (ஸ்பிரிண்ட் எனும் சில வார வேலைச்சுற்றில் முடிக்கும் புள்ளிகளின் தொகையை) மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பாராட்டவும் கண்டிக்கவும் தொடங்கினால், வேலை கூடாமல் எண்கள் மட்டும் வீங்கும். ஸ்டோரி பாயிண்ட்டின் மூலவர்களுள் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே பின்னாளில் இத்தகைய துஷ்பிரயோகங்களைக் கண்டு மனம் வருந்தி எழுதினார்.

டி-ஷர்ட் சைஸ்

எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று வகைப்படுத்தும் இம்முறை, அடுத்த காலாண்டுக்கான யோசனைகள் ஏராளமாகக் குவிந்திருக்கையில், எவற்றை முதலில் ஆராய்வது என்று விரைவில் முடிவு செய்ய உதவும். ஆனால் இந்த அளவுகளைக் கூட்டித் தேதி கணிக்க முடியாது. அதற்கு முயல்வதும் வீண்.

முடிந்ததை எண்ணுதல்

வேலைகளைத் தொடர் ஓட்டமாகக் கையாளும் கான்பன் முறையைத் தழுவிய குழுக்கள் பலவும் எதிர்காலத்தை ஊகிப்பதைவிடக் கடந்த காலத்தை எண்ணுவதையே நம்புகின்றன. ஒரு குழு பத்து வாரங்களில் 50 வேலைகளை முடித்திருக்கிறது, செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாகில் 40 மீதியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: வாரச் சராசரியான 5-ஐக் கொண்டால் 8 வாரம், வாரத்திற்கு 4 என்று மந்தமாகக் கொண்டால் 10 வாரம், ஆகவே எட்டிலிருந்து பத்து வாரம் என்று சொல்லலாம். வாராந்தர எண்ணிக்கைகளை மான்டி கார்லோ முறையில் ஆயிரக்கணக்கான தடவை கலைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தேதிக்கும் எவ்வளவு சாத்தியம் என்பதும் தெரியும். குழு நிலையாக இருக்க வேண்டும், வேலைகள் ஏறக்குறைய ஒரே அளவில் சிறிதாக நறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பவையே இதன் நிபந்தனைகள்.

யாருக்கு எது?

ஒருவரையொருவர் இன்னும் அறியாத புதிய குழு பிளானிங் போக்கரில் தொடங்கட்டும். உரையாடலே அதற்கு முதல் தேவை. வருடத் திட்டம் வகுப்போருக்கு டி-ஷர்ட் சைஸும், சீராக ஓடும் சப்போர்ட் குழுவுக்கு எண்ணிக்கையும், பழகிய சிறு பணிக்கு மணிக்கணக்கும் ஏற்றவை. சில மாத அனுபவம் சேர்ந்தபின் புள்ளிகளை விடுத்து எண்ணிக்கைக்கு மாறுவதில் தவறில்லை. அஜைல் முறைகளுள் ஒன்றான ஸ்க்ரமின் கையேடு ஸ்டோரி பாயிண்ட்டைக் கட்டாயமாக்கவும் இல்லை. ஸ்பிரிண்டுக்குள் இவ்வளவு முடிப்போம் என்று குழு சொல்வதை வாக்குறுதியாகக் கொள்ளாமல் முன்கணிப்பாகவே கொள்ள வேண்டும் என்று அதே கையேடு 2011-லேயே திருத்திக்கொண்டது.

எம்முறையைக் கைக்கொண்டாலும், ஒற்றைத் தேதியைச் சொல்லாமல் இத்தனையிலிருந்து இத்தனை வாரம் என்று சொல்லுங்கள், ஒவ்வொரு ஸ்பிரிண்டின் முடிவிலும் அதைத் திருத்துங்கள், திருத்தியவரைக் குற்றவாளியாக்காதீர்கள். நேற்றுச் சேர்ந்த இளைஞர்கூட, "இது எனக்குத் தெரியவில்லை" என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய குழுவிலேயே இம்முறைகள் யாவும் பலன் தரும்.