பாலத்துக்கு எந்தப் பக்கம்?

"தம்பி, வண்டி படுத்துருச்சு."

ராமேஸ்வரத்தில் மீன் லோடு அனுப்பும் சூப்பர்வைசர் வேலையில் சேர்ந்தால் இந்த ஃபோன் வரத்தான் செய்யும். ஆளுக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்த கையோடு, "அண்ணே, பாலத்துக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். என்ன கோளாறு என்பது அப்புறம்.

தீவிலிருந்து மண்டபத்துக்கு லாரிக்கு இருக்கும் ஒரே வழி, 1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நிறுத்துகிற சுற்றுலா வண்டிகள் வேறு. நடுவில் ஒரு குட்டி யானை நின்றுவிட்டால், உதவிக்கு அனுப்பும் வண்டியும் அந்த நெரிசலில்தான் மாட்டும். எனவே ஹீட் முள் ஏறினால் பாம்பனிலேயே ஓரங்கட்டலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தாமதத்துக்குச் சம்பளத்தில் பிடித்தால், அடுத்த முறை கொதிக்கிற இன்ஜினோடு பாலம் ஏறிவிடுவார்.

மாற்று வண்டி ஒன்றுதான் உண்டென்றால் மண்டபத்தில் போடுங்கள். தீவுக்குள் தூரம் குறைவு, வாடகை வண்டி பிடித்துவிடலாம். உச்சிப்புளி தாண்டி ராத்திரியில் நின்றால்தான் திண்டாட்டம். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 உண்டு. ஆனால் மீனை மாற்றி ஏற்ற அவர்கள் வரமாட்டார்கள். அரை மணி நேரத்தில் மெக்கானிக்கால் கோளாறைச் சொல்ல முடியவில்லையா, லோடை மாற்றுங்கள். மாற்று வண்டியோடு சுமைக்கு இரண்டு பேரையும் ஐஸையும் அனுப்புங்கள். மீன் எப்படியிருக்கிறது என்று பெட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் மீனுக்குக் கேடு.

பாதி கோளாறுக்குக் காரணம் உப்பு. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் மண்டபத்தில் அரிப்பு ஆய்வு நிலையமே வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி முனையில் பச்சையாகப் பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் கழுவித் துடைத்து, மாட்டியபின் வாஸ்லைன் தடவ வேண்டும். ஐஸ் கரைந்த மீன் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி பிரேக் பைப்பை அரிக்கும். லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீரே உப்பு என்றால் கழுவியும் பிரயோசனமில்லை.

பெரிய வேலைகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. சேஸிஸ் பெயின்ட், ரேடியேட்டர், பிரேக் பைப் எல்லாவற்றுக்கும் ஏப்ரலிலேயே பட்டறையில் இடம் பிடியுங்கள். ஜூனில் போனால் ஊர் வண்டியெல்லாம் உங்களுக்கு முன்னால் நிற்கும்.